ராவ் சாயபுவைக் கூட்டிகினு வா

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் அழுது நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டி செத்துப்போய் அல்ல, அந்த அம்மாள் குத்துக்கல் மாதிரி இருந்தாள். பேஷண்ட் செத்துப்போயும் அல்ல, அதற்கெல்லாம் அழுகிற ஆள் இல்லை அவர். சக்கரவர்த்தியின் பிறந்த நாளுக்குச் சர்க்கார் போட்ட பட்டப் பட்டியலில் அவர் பேர் இல்லை. அதற்கு அழுதார். வராந்தாவில் ஈஸிசேரில் உட்கார்ந்து, பேப்பரால் மூஞ்சியை மறைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். உள்ளே அப்போது ஒருத்தி பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தாள். அவள்கூட அவ்வளவு அழவில்லை.

நான் சொல்வது இருபதுகளின் கடைசி. ராயபுரத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி, பன்னிரண்டு கட்டில். அதிலேயே மிட்வைஃப் வகுப்பும் நடந்தது. எட்டுப் பெண்கள் படித்தோம். லெக்சரர் இந்த டாக்டர்தான். புது வருஷத்துக்கு ஒரு தடவை, சக்கரவர்த்தி பிறந்த நாளுக்கு ஒரு தடவை, இன்னாருக்கு ராவ் சாகிப், இன்னாருக்கு ராவ் பகதூர் என்று பேப்பரில் வரும். அந்த இரண்டு நாளும் பேப்பர்காரன் வருவதற்கு முன்னே அவர் கேட்டில் நிற்பார். பேர் இல்லையென்றால் அந்த வாரம் முழுக்க எங்களுக்குத் திட்டு.

எனக்கு இருபத்துமூன்று வயசு. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். நாலு வயசில் ஒரு பெண். இரண்டு பேரும் வியாசர்பாடியில் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் கெட்டவர் இல்லை, ஆனால் அண்ணி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். எண்ணூரில் பங்களா வைத்திருந்த ஒரு துரை குடும்பத்தோடு ரங்கூனுக்குப் போகிறார், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், உன்னைச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். என் பெண்? அது அண்ணியிடம் இருக்கட்டும் என்றார். ஏப்ரலில் கப்பல். அதற்குள் நான் மிட்வைஃப் சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டால் திருவொற்றியூரில் புதிதாகத் திறக்கிற தாய் சேய் நிலையத்தில் வேலை, தங்க ஒரு அறை, பெண் என்னோடு. வாங்காவிட்டால் கப்பல்தான், பெண் அண்ணியோடுதான்.

சர்ட்டிபிகேட்டுக்கு இருபது பிரசவம் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கேஸ் புத்தகத்தில் எழுதி லெக்சரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். டிசம்பருக்குள் பதினெட்டு முடித்துவிட்டேன். பரீட்சை மார்ச் கடைசியில். பக்கத்திலேயே மீனவர் குப்பம், அந்தப் பெண்கள் எங்கள் கட்டிலைக் காலியாக விட்டதே கிடையாது. இரண்டுதானே, ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

டாக்டர் பாடம் சொல்லிக்கொடுக்கிற அழகைக் கேளுங்கள். சீமையிலிருந்து வந்த தோல் பொம்மை ஒன்று உண்டு. பெண்பிள்ளையின் இடுப்பு மட்டும், தலையும் இல்லை, காலும் இல்லை. அதற்குள் ஒரு துணிக் குழந்தை. அதை இந்தப் பக்கம் தள்ளி அந்தப் பக்கம் எடுப்பார், பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அந்தப் பொம்மை கத்தாது, உதைக்காது, "உன் வூட்ல எழவு வுழ" என்று திட்டாது. தலையில்லாத பெண்பிள்ளை என்றால் டாக்டருக்கு ரொம்ப இஷ்டம். நிஜப் பிரசவம் நடக்கிற அறைக்குள் அவர் காலை வைத்து நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று "ஆச்சா?" என்பார். ஆச்சு என்றால் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு போய்விடுவார். எங்களுக்கு வாத்தியார் பிள்ளை பெற்றவர்களேதான். எந்தக் கத்தலுக்கு ஓட வேண்டும், எந்தக் கத்தலுக்குச் சும்மா இருக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும், எல்லாம் அவர்கள் உடம்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

டாக்டருக்கு வேறு வேலை இருந்தது. பட்டத்துக்கு அவர் பட்ட பாடு எந்தப் பிள்ளைத்தாச்சியும் பட்டதில்லை. பெரிய உத்தியோகஸ்தர் வந்தால் மாலை, மாற்றலாகிப் போனால் குரூப் போட்டோ. ஒரு தடவை குழந்தைக் கண்காட்சி வைத்தார். எங்கள் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் எல்லாம் வலைக்காரர் குழந்தைகள், வத்தலும் தொத்தலுமாக இருக்கும். கொழுத்த குழந்தை வேண்டுமென்று வார்டு கூட்டுகிற ஆயாவை அனுப்பி ஊரெல்லாம் இரவல் வாங்கினார். முதல் பரிசு வண்ணாரப்பேட்டை மண்டிக்காரர் ஒருவரின் பேரனுக்கு. எங்கள் வாசலை அது அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தது. "நமது முறைப்படி பிறந்து வளர்ந்த சிசு" என்று டாக்டர் அதை மேடையில் தூக்கிக் காட்டினார். அது அவர் கோட்டு முழுக்க மூத்திரம் போய்விட்டது. அந்தக் கூட்டத்திலேயே மனசில் பட்டதைச் சொன்னது அது ஒன்றுதான்.

கடைசியில் ஜனவரியில் வந்தேவிட்டது. ராவ் சாகிப். வைத்தியக் கல்வித் தொண்டுக்காக என்று பட்டத்தோடு வந்த சன்னதுப் பத்திரத்தில் எழுதியிருந்ததாம். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கறுப்பு அங்கி, ஜரிகைத் தலைப்பாகை, நெஞ்சில் பதக்கம், இந்தக் கோலத்தில் போட்டோ எடுத்துப் பெரிசாகக் கண்ணாடி போட்டு ஆஸ்பத்திரி வாசலில் மாட்டினார். இனிமேல் யாரும் டாக்டர் ஐயா என்று கூப்பிடக் கூடாது, ராவ் சாகிப் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று எங்களை வரிசையாக நிற்க வைத்து உத்தரவு போட்டார். ஆயாவுக்கு நாக்கு புரளவில்லை. வரும்வரைக்கும் விடாமல் சொல்ல வைத்தார்.

ஆயா குப்பத்துக்காரி. சாயங்காலம் போனவள், வலை சரிசெய்துகொண்டிருந்த ஜனங்களிடம் நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

"நம்ம டாக்டரு சாயபு ஆயிட்டாரு."

இந்துவுக்கு ராவ் சாகிப், முஸ்லிமுக்கு கான் சாகிப் என்று சர்க்கார் பட்டத்தைக்கூடப் பாகம் பிரித்து வைத்திருந்தது. குப்பத்துக்கு அது எப்படித் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்த சாயபு என்றால் மண்ணடியில் கடை வைத்திருக்கிறவர், வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போகிறவர். டாக்டர் மதம் மாறியதில் அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் குப்பத்திலேயே பாதிப் பேர் மாதா கோயில், பாதிப் பேர் அம்மன் கோயில். அவர்கள் கேட்ட கேள்வி வேறு. ஐம்பது வயசு ஆள் இப்போது எதற்கு மாற வேண்டும்? சாமிக்காகவா? இந்த ஆளா? ஒரு பெண்பிள்ளையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான், வேறு என்ன?

மறுநாளைக்குள் அந்தப் பெண்பிள்ளைக்கு வயசு, நிறம், மண்ணடியில் எந்தச் சந்து எல்லாம் தயார். வாசலில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நீள அங்கி, ஜரிகைத் தலைப்பாகை, சந்தேகமே இல்லை, புது மாப்பிள்ளை! அந்த அங்கியைத் தைத்த சாயபு, அவர் எங்கள் ஆள் இல்லையம்மா என்று அடித்துச் சொல்லிப் பார்த்தார். கல்யாணத்தை மறைக்கிறாயா என்று அவர் மேலேயே பாய்ந்தார்கள்.

அப்புறம் குப்பத்துப் பெண்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். கட்டினவளை நடுத்தெருவில் விட்டவன் ஆஸ்பத்திரியில் இனி யாரும் பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை. டாக்டர் பெண்டாட்டி, அந்த டாக்டரம்மாவுக்காக. அந்த அம்மாளோடு அதுவரை அவர்களில் ஒருத்தியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தினமும் நாலு பேராவது அவள் வீட்டு கேட்டுக்குப் போய், கவலைப்படாதே தாயி, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அவளும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜனவரி முடிவதற்குள் பன்னிரண்டு கட்டிலும் காலி. டாக்டர் காலி வார்டில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அவர் போதித்த சுகாதாரத்தால் ஊரில் நோயே குறைந்துவிட்டது என்று எங்களிடம் சொன்னார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே சொன்னார். பிள்ளை பெறுவது நோயா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தோல் பொம்மையைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். என் புத்தகம் பதினெட்டிலேயே நிற்கிறது. அண்ணன் கப்பலுக்கு வேண்டிய சாமான்களை ஒரு தகரப் பெட்டியில் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். என் பெண் தன் பாவாடையை மடித்துக் கொண்டுவந்து அதில் வைத்தாள். அண்ணி அதை எடுத்து வெளியே போட்டாள்.

மறுநாளே குப்பத்துக்கு நடந்தேன். ஏழு மாச வயிற்றோடு ஒருத்தி கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். டாக்டர் மாறவில்லை, இது வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம், சாகிப் என்றால் ஐயா என்று அர்த்தம் என்று தொண்டை வறளச் சொன்னேன். கருவாட்டுக்காரி நிமிர்ந்தாள்.

"பட்டம் இன்னாத்துக்குக் குட்த்தாங்கோ?"

"பிரசவம் பாக்கச் சொல்லிக் குடுக்கிறதுக்கு" என்றேன்.

அவ்வளவுதான், விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்து முடித்துவிட்டு அவளே கேட்டாள்.

"அவரு கையால ஒரு புள்ள பொறந்து நீ பாத்துகீறியா?"

இல்லை என்றேன்.

"அப்போ உனக்கு யாரு சொல்லிக் குட்த்தது?"

"உங்க ஜனந்தான். பதினெட்டுப் பேரு."

"அப்போ ராவ் சாயபு நீதான்" என்றாள் அவள்.

மறுபடியும் சிரிப்பு. ஆனால் முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. நீ சம்பந்தப்பட்டவள், உனக்குக் கேஸ் வேண்டும், அதற்காக எதையும் சொல்வாய், டாக்டரம்மா வாயால் சொன்னால் நம்புகிறோம் என்றுவிட்டார்கள். சரியான பேச்சுதானே.

டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஊரில் என்ன பேச்சு நடக்கிறது தெரியுமா அம்மா என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். எல்லாம் தெரியும் என்றாள். அப்புறம் ஏன் மறுக்கவில்லை என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

"இத்தனை வருஷத்துல நீ சௌக்கியமான்னு என்னை யாரும் கேட்டதில்லடி. இப்ப தினம் நாலு பேர் வந்து கேக்கிறாங்க. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமேன்னு இருந்தேன்" என்றாள்.

அப்புறம் என் கதையைச் சொன்னேன், தகரப் பெட்டி, பாவாடை எல்லாம். கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு குப்பம்வரைக்கும் நடந்தே வந்தாள். மணலில் நின்று, சுற்றிக் கூடிய பெண்களைப் பார்த்துச் சொன்னாள்.

"அவர் மாறல. அவர் எங்க மாறப்போறார்? மாறினாத்தான் எனக்கு விடிவுகாலமாச்சே."

நம்பிவிட்டார்கள். அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? கருவாட்டுக்காரி அவளை உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அடுத்த வாரமே கட்டில்கள் நிறைந்தன. பத்தொன்பதாவது கேஸ் என் கைக்கு வந்தது. வார்டில் இருந்தவர்கள் என்னை ராவ் சாயபு, ராவ் சாயபு என்று கூப்பிட்டுக் கலாட்டா பண்ணினார்கள். நானும் அசட்டுத்தனமாக அந்தப் பேருக்கு ஏன் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் வினை.

அது டாக்டர் காதில் விழுந்தது. விசாரித்தார். பெண்டாட்டி குப்பத்து மணலில் நின்று சொன்ன வார்த்தையும் வந்து சேர்ந்தது. அவளிடம் காட்ட முடியாத கோபத்தை என்மேல் காட்டினார். சத்தம் போடவில்லை, அதுதான் கொடுமை. யார் எந்தக் கேஸைப் பார்ப்பது என்று தினமும் பலகையில் பேர் எழுதுவார், அதில் என் பேர் வராமல் போயிற்று. மார்ச் முழுக்க வரவில்லை. பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தன, நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன், என் பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"அடுத்த வருஷம் எழுதிக்கொள். கல்வியில் அவசரம் கூடாது" என்றார்.

சரிதான் போ என்று ஆகிவிட்டது. பரீட்சை நாளன்று பட்டணத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார லேடி டாக்டர் வந்தாள், பெரிய மேஜை போட்டு அந்தத் தோல் பொம்மையை வைத்து ஒவ்வொருத்தியாகக் கேள்வி கேட்டாள். டாக்டர் அதே அங்கி, அதே தலைப்பாகை, அதே பதக்கத்தோடு பக்கத்தில் நின்றார். பத்தொன்பதோடு நின்ற புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் வராந்தாவில் குந்தியிருந்தேன். கப்பலுக்கு இன்னும் ஒன்பது நாள்.

பத்து மணி இருக்கும். ஒரு ஜட்கா வந்து நின்றது. உள்ளே அந்தக் கருவாட்டுக்காரி, அலறல் தெருக்கோடிவரைக்கும் கேட்டது. அவள் புருஷன் கடலிலிருந்து அப்படியே வந்திருந்தான், உடம்பெல்லாம் உப்பு. எனக்கு அவனைத் தெரியாது, அவனுக்கும் என்னைத் தெரியாது. நேரே பரீட்சை நடக்கிற கூடத்துக்குள் ஓடினான்.

"ராவ் சாயபு எங்க கீறாரு? ராவ் சாயபுவக் கூட்டிகினு வரச் சொல்லுது எம் பொஞ்சாதி. சீக்கிரம் கூப்டு!"

டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாயெல்லாம் பல். லேடி டாக்டர் முன்னால், ஒரு செம்படவன், அவர் பட்டத்தைச் சொல்லி அழைக்கிறான். அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் ராவ் சாகிப்" என்றார். அவன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ இல்ல நைனா. புள்ள எடுக்குற ராவ் சாயபு."

அவன் என்ன சொல்கிறான் என்று லேடி டாக்டர் கேட்டாள். டாக்டர் இருமினார். என் வகுப்புக்காரிகள் தரையைப் பார்த்தார்கள். மூலையில் துடைப்பத்தோடு நின்ற ஆயாதான், துரைமார் வீட்டில் வேலை பார்த்தவள், பட்லர் இங்கிலீஷில் எடுத்துவிட்டாள்.

"திஸ் ராவ் சாகிப் நோ, மேடம். தட் ராவ் சாகிப். பேபி டேக்கிங் ராவ் சாகிப்." துடைப்பம் வராந்தாவில் இருந்த என்னைக் காட்டியது.

லேடி டாக்டர் பொம்மையை மேஜையில் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, எனக்குப் பின்னாலேயே பிரசவ அறைக்கு வந்தாள். கருவாட்டுக்காரி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்து ரத்தம் வந்தது. தலை வந்தபோது கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. விரலை விட்டுத் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிட்டேன். லேடி டாக்டர் கடைசிவரைக்கும் கிட்டே வரவில்லை, கைகட்டி நின்று பார்த்தாள். பெண் குழந்தை. வாசலிலிருந்து "ஆச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. பழக்கம் விடுமா?

லேடி டாக்டர் வெளியே வந்து என் கேஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். இருபதாவது பக்கத்தை விரித்து, பேனாவை டாக்டரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "எனது நேரடி மேற்பார்வையில்" என்று எழுதி, கீழே ராவ் சாகிப் என்று ஆரம்பித்துப் பேர், படிப்பு, பதவி எல்லாம் எழுதினார். அது மூன்று வரிக்கு ஓடி, பிரசவம் பார்த்தவர் பேர் எழுதுகிற இடத்தையும் பிடித்துக்கொண்டது. என் பேரை ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

போதும். அன்றைக்கே அந்தப் பொம்மை முன்னாலும் நின்று பதில் சொல்லிப் பாஸ் பண்ணினேன். ரங்கூன் கப்பல் போன அன்றைக்கு நானும் என் பெண்ணும் திருவொற்றியூர் அறையில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தோம். தகரப் பெட்டியில் இப்போது அவள் பாவாடைகள்தான் இருந்தன.

எட்டு வருஷம் ஓடிற்று. டாக்டர் ராவ் பகதூருக்காக ஒவ்வொரு ஜனவரியும் கேட்டில் நின்றுகொண்டே இருந்தார், வரவில்லை. எனக்கோ குப்பத்தில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்வரைக்கும் வந்து கூப்பிடுவார்கள். என் சொந்தப் பேர் அங்கே யாருக்கும் தெரியாது. வலி எடுத்தால் ராவ் சாயபுவைக் கூட்டிகினு வா, அவ்வளவுதான். புதுசாக மருமகளாக வந்த பெண்கள் மருத்துவச்சிக்கே அதுதான் வார்த்தை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒப்பாரி. நாற்பது ஐம்பது பேர் இருக்கும், முன்னால் கருவாட்டுக்காரியும் அவள் புருஷனும், அவன் தோளில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. என் பெண் கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரி ஆயா விடியற்காலையில் குப்பத்துக்கு ஓடிவந்து, ராவ் சாயபு பூட்டாரு என்று சொல்லியிருக்கிறாள். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்தேன். ஒப்பாரி நின்றது. கருவாட்டுக்காரி ஓடிவந்து என் முகத்தை, தோளை, கையை எல்லாம் தடவிப் பார்த்தாள். அப்புறம் திரும்பிப் புருஷனைக் கேட்டாள்.

"அப்போ செத்தது யாரு?"

எனக்குத் தெரிந்துவிட்டது. புடவையை மாற்றிக்கொண்டு அவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். டாக்டரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், சன்னதும் பதக்கமும் தலைமாட்டில். வந்திருந்த ஜனம் ரொம்பக் கொஞ்சம். டாக்டரம்மா எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இத்தனை பேரும் அவருக்காகவா வந்தார்கள் என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் அம்மா என்றேன். அவள் கருவாட்டுக்காரியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நான் மாலையை வாங்கிப் போட்டேன். எனக்கென்று வந்த மாலை. அன்றைக்கும் அவர் கழுத்துக்குத்தான் போயிற்று.